காலாண்டுக் கணக்கும் மின்சாரக் காரும்

கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அடிவாரத்திற்கும் மலைமேல் உள்ள ஊர்களுக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,000 மீட்டர். இச்சாலையில் ஏறும் வண்டி பெட்ரோலில் ஓடினாலும் சரி, மின்சாரத்தில் ஓடினாலும் சரி, புவியீர்ப்புக்கு எதிராகக் குறிப்பிட்ட அளவு வேலையைச் செய்தே தீரவேண்டும். அந்த அளவில் பேரம் பேச இடமில்லை.

ஆனால் அந்த மின்சாரக் காரைச் செய்யும் நிறுவனத்தின் பங்கு விலை முழுவதும் பேரத்தில்தான் நிற்கிறது. அடுத்த மூன்று மாதங்களில் எத்தனை கார்கள் விற்கும் என்று முதலீட்டாளர்கள் முன்கூட்டியே கணிக்கிறார்கள். கணிப்பு உயர்ந்தால் விலை உயர்கிறது. கணிப்பு பொய்த்தால் விலை சரிகிறது. முன்பெல்லாம் பங்குச் சந்தை என்பது பம்பாய்க்காரர்களின் விவகாரம் என்று நம்மவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். இன்று கைப்பேசி வழியாகவே பங்கு வாங்கலாம். நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருப்பவரும், மலைமேல் மிளகு விற்ற காசைச் சேர்த்து வைத்திருப்பவரும்கூட ஒரு மின்வண்டி நிறுவனத்தின் பங்குதாரர் ஆகிவிட முடியும். ஆகவே இந்த எதிர்பார்ப்பு என்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்று அறிந்துகொள்வது அவசியமாகிறது.

எதிர்பார்ப்பு எப்படி வேலை செய்கிறது?

மிளகுக் கொடி பூத்து நிற்கும்போதே ஒரு வியாபாரி வந்து விலை பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 100 கிலோ கிடைக்கும் என்று கணக்கிட்டு முன்பணம் கொடுத்துவிடுகிறார். அறுவடையில் 90 கிலோ கிடைக்கிறது. சென்ற ஆண்டு கிடைத்ததோ 80 கிலோதான். தோட்டத்திற்கு இது நல்ல ஆண்டு, வியாபாரிக்கு நட்டம். மற்றொரு தோட்டத்தில் சென்ற ஆண்டு 80 கிலோ விளைந்தது. இவ்வாண்டு நோய் தாக்கியிருப்பதால் 70 கிலோவுக்கு மட்டுமே விலை பேசுகிறார். 75 கிலோ கிடைக்கிறது. தோட்டத்திற்கு இது மோசமான ஆண்டு, வியாபாரிக்கோ லாபம்!

பங்கு விலையும் இத்தகையதே. இன்றைய விலைக்குள் நாளைய விற்பனையைப் பற்றிய ஊகம் முன்பே அடங்கிவிடுகிறது. எனவே விற்பனை கூடியதா குறைந்ததா என்பது விலையைத் தீர்மானிப்பதில்லை. ஊகத்திற்கும் உண்மைக்கும் இடையே உள்ள வேறுபாடே தீர்மானிக்கிறது.

அமெரிக்க மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லாவின் அண்மைக்கால வரலாற்றில் இதற்குத் தெளிவான சான்றுகள் உள்ளன. இந்நிறுவனம் ஒவ்வொரு காலாண்டு முடிந்த சில நாட்களிலேயே, வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த கார்களின் எண்ணிக்கையை அறிவித்துவிடும். 2024 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் அது ஒப்படைத்தவை 4,43,956 கார்கள். முந்தைய ஆண்டு அதே காலாண்டில் ஒப்படைத்தவை 4,66,140. அதாவது விற்பனை குறைந்துவிட்டது. ஆனாலும் அறிவிப்பு வந்த 2024 ஜூலை 2 அன்று பங்கு விலை ஏறத்தாழ 10 விழுக்காடு ஏறியது. சந்தை இதைவிடக் குறைவான எண்ணிக்கையை எதிர்பார்த்திருந்ததே காரணம்.

இதற்கு நேர்மாறாக, 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை டெஸ்லா 4,97,099 கார்களை ஒப்படைத்தது. அந்நிறுவன வரலாற்றில் ஒரு காலாண்டின் மிக உயர்ந்த எண்ணிக்கை அது. கணிப்பையும் அது தாண்டியிருந்தது. எனினும் அறிவிப்பு வந்த அக்டோபர் 2 அன்று பங்கு விலை சுமார் 5 விழுக்காடு இறங்கியது! மின்சாரக் கார் வாங்குவோருக்கு அமெரிக்க அரசு அளித்துவந்த 7,500 டாலர் வரையிலான வரிச்சலுகை செப்டம்பர் 30-உடன் முடிந்தது. பின்னால் வாங்க நினைத்தவர்களும் அவசரமாக முன்னாலேயே வாங்கிவிட்டார்கள். ஆகவே அடுத்த காலாண்டு வற்றிவிடும் என்று சந்தை கணக்கிட்டது. அவ்வாறே அவ்வாண்டின் கடைசிக் காலாண்டில் எண்ணிக்கை 4,18,227 ஆகக் குறைந்தது.

மூன்று மாதக் கணக்கு எங்கிருந்து வந்தது?

பயிருக்குப் பருவம் உண்டு. பள்ளிக்கு ஆண்டு உண்டு. தொழிற்சாலைக்கு மூன்று மாதம் என்ற கெடுவை விதித்தது யார்? இயற்கை விதிக்கவில்லை, சட்டம் விதித்தது. அமெரிக்காவில் பொதுமக்களிடம் பங்கு விற்ற நிறுவனங்கள் 1955 முதல் அரையாண்டுக்கு ஒருமுறையும், 1970 முதல் காலாண்டுக்கு ஒருமுறையும் கணக்கு காட்டவேண்டியதாயிற்று. இந்தியாவிலும் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் காலாண்டு முடிந்த 45 நாட்களுக்குள் கணக்கை வெளியிட வேண்டும். ஆண்டு முடிவுக் கணக்குக்கு மட்டும் 60 நாட்கள் அவகாசம் உண்டு.

விதியின் நோக்கம் நல்லதே. கணக்கை மறைத்துவைத்துப் பங்குதாரரை ஏமாற்ற முடியாதபடி அது தடுக்கிறது. இத்தகைய விதி இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு மின்சாரக் காரின் முதல் வரலாறே சாட்சி.

நியூயார்க்கின் ஈய வண்டிகள்

மின்சாரக் கார் இந்த நூற்றாண்டின் கண்டுபிடிப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது பெட்ரோல் காருடன் ஒன்றாகப் பிறந்து வளர்ந்தது. 1900-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் செய்யப்பட்ட 4,192 கார்களில் நீராவியில் ஓடியவை 1,681. மின்சாரத்தில் ஓடியவை 1,575. பெட்ரோலில் ஓடியவை 936 மட்டுமே. புகை இல்லை, ஓசை இல்லை, கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினைக் கிளப்பும் தொல்லையும் இல்லை. எதிர்காலம் மின்சாரத்திற்கே என்று அறிஞர்களும் நம்பினார்கள்.

பிலடெல்பியாவைச் சேர்ந்த ஹென்றி மாரிஸ், பெட்ரோ சாலம் என்ற இருவர் 1894-இல் ஒரு மின்வண்டியைச் செய்தார்கள். 1897-இல் நியூயார்க் தெருக்களில் அவர்களுடைய வாடகை மின்வண்டிகள் ஓடத் தொடங்கின. மின்கல அடுக்கு தீர்ந்ததும் வண்டியை நிலையத்திற்குக் கொண்டுவந்து, பளுதூக்கிப் பொறியால் பழைய அடுக்கை இறக்கிப் புதிய அடுக்கைச் சில நிமிடங்களில் ஏற்றிவிடுவார்கள். இன்று மின்கல மாற்று நிலையம் என்று புதுமையாகப் பேசப்படும் ஏற்பாடு இதுதான்.

ஈய மின்கலங்கள் செய்யும் நிறுவனத்தின் தலைவரான ஐசக் ரைஸ் இத்தொழிலை 1897-இல் வாங்கி, 'எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1899-இல் டிராம் வண்டித் தொழிலில் பெரும்பணம் சேர்த்த வில்லியம் விட்னியும் அவருடைய கூட்டாளிகளும் உள்ளே வந்தார்கள். நியூயார்க், பாஸ்டன், சிகாகோ, பிலடெல்பியா, வாஷிங்டன் என்று ஒவ்வொரு பெருநகரிலும் ஆயிரக்கணக்கான மின்வண்டிகள் ஓடும் என்று அறிவிப்புகள் வந்தன. ஓடிக்கொண்டிருந்தவையோ மிகச் சில. விலை பேசப்பட்டது வண்டிக்கு அன்று, அறிவிப்புக்கு!

அவ்வாண்டின் இறுதியில், இந்நிறுவனம் முறைகேடாகக் கடன் பெற்றதாக 'நியூயார்க் ஹெரால்டு' நாளிதழ் அம்பலப்படுத்தியது. பங்கு விலை சரிந்தது. சில நகரங்களின் கிளைகள் விரைவிலேயே மூடப்பட்டன. 'குதிரையில்லாக் காலம்' என்ற பொருள்படும் பெயர் கொண்ட ஒரு மோட்டார் இதழ் இந்நிறுவனத்திற்கு 'ஈய வண்டிக் கூட்டு' என்று கேலிப்பெயர் சூட்டியது. பிறகு அந்நிறுவனம் பெட்ரோல் காருக்கான செல்டன் காப்புரிமையை வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் கப்பம் வசூலித்துக் காலம் தள்ளியது. 1907-இல் திவாலாயிற்று.

இதில் மோசடி ஒரு பங்கு என்றால், பௌதிகம் மறு பங்கு. மோசடி நடந்திராவிட்டாலும் அந்த மின்கலங்களால் அந்த வாக்குறுதியைத் தாங்கியிருக்க முடியாது. இதைக் கொல்லிமலைச் சாலையைக் கொண்டே சோதித்துப் பார்க்கலாம்.

மலை சொல்லும் கணக்கு

1 கிலோ நிறையை 1,000 மீட்டர் உயர்த்துவதற்கு 9,800 ஜூல், அதாவது சுமார் 2.7 வாட்-மணி ஆற்றல் வேண்டும். நல்ல ஈய-அமில மின்கலம் ஒன்று கிலோவுக்கு ஏறத்தாழ 30 வாட்-மணி ஆற்றலைச் சேமித்துவைக்கும். 1890-களின் கலங்கள் இதைவிடத் தாழ்ந்தவை.

காரின் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கு மின்கலம் என்று கொள்வோம். அப்போது ஒவ்வொரு கிலோ மின்கலமும் தன்னையும் சேர்த்து 3 கிலோவை மேலே தூக்க வேண்டும். அதற்கு வேண்டிய ஆற்றல் சுமார் 8.2 வாட்-மணி. கையிருப்பில் கால் பங்குக்கும் மேல் உயரம் ஏறுவதற்கு மட்டுமே போய்விடுகிறது. சக்கரங்களின் உராய்வு, காற்றின் தடை, மோட்டாரில் வெப்பமாகும் இழப்பு எல்லாம் இதற்கு மேல். முழுச் சுமையுடன் மலையேறிய வண்டி, மேலே நான்கு ஊர்களைச் சுற்றிவிட்டுத் திரும்புவது ஐயமே.

இப்போதைய லித்தியம்-அயனி மின்கல அடுக்கு கிலோவுக்குச் சுமார் 150 வாட்-மணி தருகிறது. காரின் எடையில் நான்கில் ஒரு பங்கு அதுவாக இருந்தால், ஒவ்வொரு கிலோவும் 4 கிலோவைத் தூக்க வேண்டும், தேவை 10.9 வாட்-மணி. இது கையிருப்பில் 7 விழுக்காடுதான். இறங்கும்போது மோட்டாரே மின்னாக்கியாக மாறி, செலவழித்ததில் ஒரு பகுதியை மீட்டும் தந்துவிடுகிறது. அன்று மலையடிவாரத்தில் நின்றுவிட்டிருக்கக்கூடிய மின்சாரக் கார் இன்று மேலேறிவிடுவதன் இரகசியம் இவ்வளவே.

ஆனால் இந்த மாற்றத்திற்கு எவ்வளவு காலம் பிடித்தது? ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970-களில் லித்தியம் மின்கலத்தின் அடிப்படையை வகுத்தார். 1980-இல் ஜான் குடினஃப் கோபால்ட் ஆக்சைடு மின்முனையைக் கண்டார். 1985-இல் அகிரா யோஷினோ பாதுகாப்பான மாதிரியை அமைத்தார். 1991-இல் சோனி நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. அத்தகைய கலங்களை அடுக்கிய டெஸ்லாவின் முதல் கார் 2008-இல் விற்பனைக்கு வந்தது. மூன்று அறிஞர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்ததோ 2019-இல். விட்டிங்ஹாமின் ஆய்வு முதல் டெஸ்லாவின் கார் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேல். காலாண்டுக் கணக்கில் 120-க்கும் அதிகம். அவற்றுள் எந்த ஒரு காலாண்டின் விற்பனைக் கணக்கிலும் இந்த முன்னேற்றம் தென்பட்டிருக்காது.

எதிர்பார்ப்பே இல்லாவிட்டால்?

அப்படியானால் முதலீட்டாளரின் எதிர்பார்ப்பே தீமை என்று சொல்லிவிடலாமா? நம் நாட்டு அனுபவம் அப்படிச் சொல்லவில்லை.

1993-இல் டில்லி மோட்டார் கண்காட்சியில் 'லவ்பேர்ட்' என்ற சிறிய மின்சாரக் கார் வைக்கப்பட்டது. சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் இயங்கிய 'எடி கரண்ட் கண்ட்ரோல்ஸ்' நிறுவனம், ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையுடன் அதை உருவாக்கியது. இருவர் அமரலாம், ஈய-அமில மின்கலங்களால் ஒரு மின்னேற்றத்தில் சுமார் 60 கிலோமீட்டர் ஓடும். கோவைப் பகுதியில் உருவான கார் என்று நாம் பெருமைப்படலாம். ஆனால் விற்றவை மிகச் சிலவே. விரைவில் அது மறைந்துபோயிற்று.

பெங்களூரில் சேத்தன் மைனி முன்னின்று உருவாக்கிய 'ரேவா' 2001-இல் விற்பனைக்கு வந்தது. இலண்டன் தெருக்களிலும் அது ஓடியது. இருந்தும் பத்தாண்டுகளில் சில ஆயிரம் கார்களே விற்றன. 2010-இல் மகிந்திரா நிறுவனம் பெரும்பான்மைப் பங்குகளை வாங்கிக்கொண்டது.

இவற்றுக்குப் பின்னால் கோடிக்கணக்கில் பணம் போட்டு, பத்தாண்டு பொறுத்திருக்கத் தயாரான முதலீட்டாளர் கூட்டம் இருக்கவில்லை. டெஸ்லாவுக்கோ இருந்தது. 2010-இல் பங்கு வெளியிட்ட பின் பல ஆண்டுகள் அது நட்டத்தில்தான் நடந்தது. நாளை லாபம் வரும் என்ற எதிர்பார்ப்பே அதற்குத் தொழிற்சாலை கட்டப் பணம் தந்தது. இத்தகைய பெருந்தொழிற்சாலைகள் பெருகியதால், 2010-இல் ஒரு கிலோவாட்-மணிக்கு 1,000 டாலருக்கு மேல் இருந்த லித்தியம் மின்கல அடுக்கின் சராசரி விலை 2024-இல் சுமார் 115 டாலராகக் குறைந்தது. ஆக, எதிர்பார்ப்பு என்பது நெருப்பைப் போன்றது. அடுப்பில் இருந்தால் சோறாகும். கூரையில் ஏறினால் வீடு போகும்.

தூத்துக்குடியும் கிருஷ்ணகிரியும்

இன்று இந்த நெருப்பு நம் மாநிலத்திற்குள்ளேயே எரிகிறது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் தூத்துக்குடியில் கட்டிய மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்யத்தக்க ஆலை அது. இந்நிறுவனத்தின் பங்கு வரலாறு வியப்பானது.

2023 ஆகஸ்டில் அது அமெரிக்கச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அம்மாத இறுதியில் பங்கு விலை 82 டாலரைத் தாண்டியது. மொத்த மதிப்பு சுமார் 19,000 கோடி டாலர். நூறாண்டு கண்ட ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனங்களையெல்லாம் மிஞ்சிய மதிப்பு! அந்த ஆண்டு முழுவதும் வின்ஃபாஸ்ட் ஒப்படைத்த கார்கள் 34,855. ஆண்டு முடிவதற்குள் விலை 10 டாலருக்குக் கீழே இறங்கியது. அடுத்த ஆண்டில் ஒரு லட்சம் கார்கள் என்ற இலக்கை அந்நிறுவனம் இடையில் 80,000 ஆகக் குறைத்தது. முடிவில் 97,399 கார்களை ஒப்படைத்தது. விற்பனை ஏறத்தாழ மூன்று மடங்காகியும் 2024 இறுதியில் பங்கு விலை சுமார் 4 டாலர்தான்.

இதற்கு முக்கியமான ஒரு காரணம் உண்டு. பங்குகளில் சுமார் 99 விழுக்காடு நிறுவனரிடமும் அவரைச் சார்ந்த அமைப்புகளிடமும் இருந்தன. சந்தையில் கைமாறியவை மிகமிகக் குறைவு. சிறிய பாத்திரத்தில் உள்ள நீர் சிறு சூட்டிலும் கொதித்துவிடும் அல்லவா? அதுபோலச் சிலர் வாங்கினாலே விலை தாவியது. சிலர் விற்றாலே சரிந்தது. காரின் தரத்துக்கும் இத்தாவலுக்கும் தொடர்பு மிகச் சொற்பம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இரண்டு மின் ஸ்கூட்டர் நிறுவனங்களின் ஆலைகள் உள்ளன. போச்சம்பள்ளி அருகே ஆலை வைத்துள்ள ஓலா எலெக்ட்ரிக் 2024 ஆகஸ்டில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. சில நாட்களில் விலை 150 ரூபாயைத் தாண்டியது. சில மாதங்களில் 76-க்கும் கீழே வந்தது. ஓசூரில் ஆலை வைத்துள்ள ஏத்தர் எனர்ஜி 2025-இல் 321 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. பட்டியலிட்ட முதல் நாளே வெளியீட்டு விலைக்குக் கீழே முடிந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் 600 ரூபாயைக் கடந்தது. இருவரும் செய்வது ஒரே வகை வண்டி. ஆலைகள் இருப்பது ஒரே மாவட்டம். முதல் சில வாரங்களின் விலையைப் பார்த்து முடிவு செய்தவர் இரண்டிலுமே தவறியிருப்பார்.

'விற்றது' என்றால் என்ன?

ஆய்வுக்கூடத்தில் ஒரு நீளத்தை அளக்கும் மாணவனிடம், எந்தக் கருவியால் அளந்தாய், பிழை எவ்வளவு என்று கேட்கிறோம். விற்பனை எண்ணிக்கைக்கும் இதே கேள்வி பொருந்தும். முன்பதிவு செய்ததும் விற்பனை எனப்படுகிறது. ஆலையிலிருந்து கடைக்கு அனுப்பியதும் விற்பனை எனப்படுகிறது. வாடிக்கையாளரிடம் ஒப்படைத்ததும் விற்பனையே. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவானதும் விற்பனையே. நான்கும் நான்கு வெவ்வேறு எண்கள்.

2025 பிப்ரவரியில் 25,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றதாக ஓலா அறிவித்தது. அரசின் 'வாகன்' பதிவேட்டில் அம்மாதம் ஏறியவை 9,000-க்கும் குறைவு. பதிவு செய்யும் முகவர்களுடன் ஒப்பந்தத்தை மாற்றியமைத்ததால் பதிவு தாமதமாயிற்று என்று நிறுவனம் விளக்கம் கூறியது. தெலங்கானாவின் எண்ணிக்கை அப்போது அப்பதிவேட்டில் சேரவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். காரணம் எதுவாயினும், ஒரே மாதத்திற்கு இரண்டு எண்கள் இருந்தன. எந்த எண்ணை எதனுடன் ஒப்பிடுகிறோம் என்று கவனியாதவர் ஏமாறுவது உறுதி.

அன்றியும் காலாண்டு எண் தன்னளவிலேயே ஆட்டம் மிகுந்தது. மார்ச் 31 அன்று கப்பலில் இருக்கும் கார்கள் ஒரு காலாண்டிலிருந்து மறு காலாண்டுக்குத் தள்ளிவிடப்படுகின்றன. பண்டிகை மாதம் உயர்த்துகிறது. மானியம் முடியும் நாள் இழுத்துக்கொள்கிறது. அலைவுறும் முள்ளை ஒரு நொடி பார்த்துவிட்டு அளவு எழுதுவதில்லை. பல அளவீடுகளின் சராசரியைத்தான் எடுக்கிறோம். நான்கு காலாண்டுகளையேனும் சேர்த்துப் பார்த்தால்தான் விற்பனையின் உண்மையான போக்கு தெரியும்.

1899-இல் நியூயார்க் முதலீட்டாளருக்குக் காலாண்டு அறிக்கை என்ற ஒன்றே கிடையாது. அறிவிப்பை நம்பி ஏமாந்தார். இன்றைய முதலீட்டாளருக்கு மூன்று மாதத்திற்கு ஒருமுறை எண்கள் கிடைக்கின்றன; ஒவ்வொரு எண்ணையும் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு அவரும் ஏமாறக்கூடும். மின்கலம் கிலோவுக்கு எத்தனை வாட்-மணி தருகிறது, அதன் விலை எவ்வளவு இறங்கியிருக்கிறது, ஐந்தாண்டு ஓடிய வண்டியில் எவ்வளவு கொள்ளளவு மிஞ்சியிருக்கிறது, ஊருக்கு ஊர் மின்னேற்ற நிலையம் வந்துவிட்டதா என்பவையே இத்தொழிலின் உண்மையான அளவுகோல்கள். இவை மெல்லவே மாறும். பங்கு விலைப் பலகையில் தெரியமாட்டா.

பத்தாண்டு பொறுக்கக்கூடிய பணத்தை இத்தகைய தொழிலில் இடுவது துணிவு. அதனால் நாட்டுக்கும் நன்மை உண்டு. பிள்ளையின் அடுத்த பருவக் கட்டணத்திற்கு வைத்திருக்கும் பணத்தை, அடுத்த காலாண்டில் எத்தனை கார் விற்கும் என்ற ஊகத்தின்மேல் வைப்பது வேறு காரியம். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்குப் பொருளாதாரப் பட்டம் தேவையில்லை. எண்ணைக் கண்டதும் அது எதை அளக்கிறது என்று கேட்கும் பழக்கம் போதும்.